நாயின் முழங்கால் தசைநார் அறுந்தால்: ஓய்வு போதுமா, அறுவை சிகிச்சை வேண்டுமா?

"6 வயது லாப்ரடார், 36 கிலோ எடை. மூன்று வாரமாகப் பின்பக்க வலது காலைச் சரியாக ஊன்றுவதில்லை. வலி மாத்திரை கொடுத்தால் நடக்கிறான், நிறுத்தினால் மறுபடி நொண்டுகிறான். முழங்காலில் லிகமென்ட் அறுந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டும் என்கிறார் மருத்துவர். ஓய்வில் வைத்தால் சேராதா? ஆபரேஷன்தான் வழி என்றால் எந்த ஆபரேஷன்?" இதுதான் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதில், இந்த எடையில், வேறு பெரிய நோய் எதுவும் இல்லாத நாய்க்கு நான் அறுவை சிகிச்சையைத்தான் பரிந்துரைப்பேன். அதிலும் எலும்பின் சரிவை மாற்றும் டி.பி.எல்.ஓ. முறையை. இதே காயம் 6 கிலோ எடையுள்ள நாய்க்கு வந்திருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், மருத்துவர் சொல்லும் ஒவ்வொரு வழியையும் நீங்களே எடைபோட்டுப் பார்க்க முடியும்.

அறுந்த தசைநாரை மறுபடி பழைய நாராக ஒட்டவைக்கும் சிகிச்சை எதுவும் நாய்களுக்கு இன்று நடைமுறையில் இல்லை. ஓய்வும் அதைச் செய்வதில்லை, பிளேட்டும் ஸ்க்ரூவும் அதைச் செய்வதில்லை. அந்த நார் இல்லாமலேயே முழங்காலை உறுதியாக நிற்க வைப்பதற்கான வழிகள்தான் எல்லாமே. ஆகவே எந்தச் சிகிச்சையைப் பற்றிக் கேட்டாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த நாயின் மூட்டை இது எதைக் கொண்டு நிறுத்தப்போகிறது?

பெரும்பாலும் அறுவது முன்பக்கச் சிலுவைத் தசைநார். தொடையெலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேரும் இடத்தில், மூட்டுக்குள்ளேயே குறுக்காக ஓடுவது. நாயின் பின்கால் முழங்கால் நிற்கும்போதுகூட மடங்கியே இருக்கும். கீழ்க்கால் எலும்பின் மேல்தளமும் பின்பக்கமாகச் சரிந்திருக்கும். நாய்களில் இந்தச் சரிவு சராசரியாக 25 டிகிரி அளவில் இருக்கிறது. மனிதர்களில் பெரும்பாலும் 10 டிகிரிக்கும் குறைவு. உடல் எடை காலில் இறங்கும் ஒவ்வொரு முறையும் தொடையெலும்பு அந்தச் சரிவில் பின்னால் வழுக்கப் பார்க்கிறது, கீழ்க்கால் எலும்பு முன்னால் தள்ளப்படுகிறது. அதைத் தடுத்து நிறுத்துவது இந்த நார்தான். கால்பந்து வீரருக்கு ஒரு தவறான திருப்பத்தில் அறுகிற நார், நாய்க்கு ஒவ்வொரு அடியிலும் இழுபடுகிறது.

அதனால்தான் நாய்களில் இது திடீர் விபத்தாக வருவது குறைவு. பழைய கயிறு இழை இழையாக நைவதுபோல மாதக்கணக்கில் நைந்து, ஒருநாள் சோபாவிலிருந்து குதிக்கும்போதோ பந்தைத் துரத்தும்போதோ மிச்சமும் அறுந்துவிடும். "நான் பந்து எறிந்ததால்தான் இப்படி ஆனது" என்று தங்களையே நொந்துகொள்பவர்கள் ஏராளம். அப்படி நினைக்க வேண்டாம். அந்த நார் அதற்கு முன்பே பலவீனமாகியிருக்கும். லாப்ரடார், ராட்வைலர், நியூஃபவுண்ட்லேண்ட் போன்ற இனங்களில் இது அதிகம், கிரேஹவுண்டில் குறைவு. அதிக எடை ஒரு முக்கியமான காரணம். சில பெரிய இனங்களில் மிக இளம் வயதிலேயே கருத்தடை செய்வதற்கும் இதற்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது.

உள்ளிருந்தே நைவதால் இன்னொரு விளைவும் உண்டு. ஒரு காலில் அறுந்த நாய்களில் 40 முதல் 60 சதவீதம் வரை, பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள், மறுகாலிலும் அறுத்துக்கொள்கின்றன. வலது காலுக்கு முடிவெடுக்கும்போதே இடது காலையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பணமும் நேரமும் இரண்டு முறை தேவைப்படலாம்.

சிகிச்சைக்குப் போகுமுன் நோயறிதல் உறுதியானதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். தொடையெலும்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் கீழ்க்கால் எலும்பை முன்னால் நகர்த்திப் பார்ப்பார்கள். டிராயர் டெஸ்ட் என்பது இதுதான். பயத்தில் தசையை இறுக்கிக்கொள்ளும் பெரிய நாயில் மயக்க மருந்து கொடுக்காமல் இது தெரியாமலே போகலாம். பாதி மட்டும் கிழிந்திருந்தால் காலை மடக்கிய நிலையில்தான் அசைவு தெரியும், நீட்டிய நிலையில் தெரியாது. நாய் உட்காரும் விதத்தையும் கவனியுங்கள். அடிபட்ட காலை உடலுக்கு அடியில் மடக்காமல் பக்கவாட்டில் விட்டு உட்காரும். முழங்காலின் உள்பக்கம் தடித்து இறுகியிருந்தால் பிரச்சினை சில வாரங்களாவது பழையது.

எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது. பிறகு எதற்கு எடுக்கிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. மூட்டுக்குள் நீர் சேர்ந்திருப்பது, எலும்புத் தேய்மானம், மேல்தளத்தின் சரிவு ஆகியவை அதில் தெரியும். அவற்றைவிட முக்கியமாக, வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளலாம். பெரிய இனங்களில் எலும்புப் புற்றுநோய் வரும் இடங்களில் முழங்காலை ஒட்டிய பகுதியும் ஒன்று. அதுவும் நொண்டலாகத்தான் ஆரம்பிக்கும். இடுப்பு மூட்டையும் அதே சமயத்தில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டுகள் வீங்கியிருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை தேவை.

இந்தக் காயத்தில் பலரும் கவனிக்கத் தவறும் பகுதி மெனிஸ்கஸ். இரு எலும்புகளுக்கும் நடுவில் மெத்தையாக இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு அது. ஒவ்வொரு முழங்காலிலும் இரண்டு உண்டு. உள்பக்கத்தில் இருப்பது கீழ்க்கால் எலும்போடு இறுகப் பிணைந்திருப்பதால், எலும்பு முன்னால் வழுக்கும்போது தானும் சேர்ந்து நகர்ந்து, அதன் பின்முனை தொடையெலும்புக்கு அடியில் நசுங்குகிறது. தசைநார் முழுவதும் அறுந்த மூட்டுகளைத் திறந்து பார்த்தால் ஏறக்குறைய பாதியில் மெனிஸ்கஸும் கிழிந்திருக்கும். நடக்கும்போது முழங்காலில் 'டிக்' என்று சத்தம் கேட்டால் அது இதன் அறிகுறியாக இருக்கலாம்; சத்தம் இல்லை என்பதால் கிழிசல் இல்லை என்று ஆகிவிடாது. அதன் பெரும்பகுதிக்கு ரத்த ஓட்டம் கிடையாது, எனவே தானாக ஆறாது. கிழிந்த துண்டு உள்ளே மடிந்து சிக்கிக்கொண்டிருக்கும்வரை எந்த மாத்திரையும் முழு நிவாரணம் தராது. ஓய்வில் வைத்தும் தேறாத பல நாய்களின் பிரச்சினை இதுதான் என்பது என் கருத்து. அறுவை சிகிச்சையின்போது மூட்டுக்குள் நேரடியாகவோ ஆர்த்ராஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாய் வழியாகவோ பார்த்து, கிழிந்த பகுதியை மட்டும் அகற்றுவார்கள். எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், "மெனிஸ்கஸை உள்ளே பார்ப்பீர்களா?" என்று அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். இல்லை என்றால் ஏன் என்றும் கேளுங்கள்.

இனி ஓய்வு பற்றி. அறுவை சிகிச்சை இல்லாமல் மூட்டை நிறுத்துவது எது? மூட்டைச் சுற்றி மெல்ல மெல்ல உருவாகும் தழும்புத் திசுவும், தொடைத் தசைகளும். சிறிய நாயின் எடையைத் தாங்க அது பல சமயம் போதும். பெரிய நாய்க்குப் பெரும்பாலும் போதாது. 1984இல் வாஸர் என்ற கால்நடை அறுவை மருத்துவர் வெளியிட்ட, 85 நாய்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு இதற்கு இன்றும் சுட்டப்படுகிறது. அறுவை சிகிச்சை செய்யாமல் விட்டதில், 15 கிலோவுக்கு உட்பட்ட 28 நாய்களில் 24 நாய்கள் இயல்பாகவோ முன்னேற்றத்தோடோ இருந்தன. அதற்கு மேற்பட்ட எடையுள்ள 57 நாய்களில் 11 மட்டுமே அப்படி இருந்தன.

பெரிய நாய்க்கு ஓய்வு வீண் என்று இதை வைத்து முடிவுகட்டிவிடவும் கூடாது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் அதிக எடையுள்ள 40 நாய்களை இரு பிரிவாக்கி, இரண்டு பிரிவுக்கும் எடைக் குறைப்பும் பிசியோதெரபியும் வலி மருந்தும் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக டி.பி.எல்.ஓ. செய்தார்கள். ஓராண்டு முடிவில் அறுவை சிகிச்சைப் பிரிவில் 75 சதவீதமும் மற்றதில் சுமார் 64 சதவீதமும் நல்ல பலன் பெற்றிருந்தன. இடையில், ஆறு மாதக் கட்டத்தில், அறுவை சிகிச்சைப் பிரிவு வெகுவாக முன்னால் இருந்தது. அறுவை சிகிச்சை சீக்கிரமும் நிச்சயமாகவும் தேற்றுகிறது. அது முடியாத நாய்க்கு, எடையைக் குறைத்து முறையாகப் பயிற்சி கொடுத்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு. நான் இந்த ஆய்வைப் புரிந்துகொள்வது இப்படித்தான்.

ஆனால் அந்த ஆய்வில் நடந்ததும், வீட்டில் 'ஓய்வில் வைத்திருக்கிறோம்' என்று சொல்வதும் ஒன்றல்ல. ஓய்வு என்றால் 6 முதல் 8 வாரம் ஓட்டம், குதிப்பு, படியேறுதல், மற்ற நாய்களோடு விளையாட்டு எதுவும் இல்லாமல், கழிவுக்காக வெளியே போவதும் கயிற்றில் பிடித்தபடி மட்டுமே என்று இருப்பது. கூடவே எடைக் குறைப்பு, மருத்துவர் சொன்ன வலி மருந்து, தசை வற்றாமல் இருக்கச் சின்னப் பயிற்சிகள். மாத்திரை மட்டும் கொடுத்துவிட்டு நாயை அதன் போக்கில் விட்டால், வலி மறைந்த தைரியத்தில் அது ஓடி, மிச்சமிருக்கும் மெனிஸ்கஸையும் கிழித்துக்கொள்ளும். உங்கள் நாய்க்கு மூன்று வாரமாக நடப்பது ஏறக்குறைய இதுதான் என்று அஞ்சுகிறேன். இப்போதைக்கு முதல் வேலை அவனைக் கட்டுப்படுத்துவது.

பாதி மட்டும் கிழிந்த நிலையில் பலர் காத்திருக்கிறார்கள். பெரிய நாய்களில் பாதிக் கிழிசல் பெரும்பாலும் முழுக் கிழிசலாகத்தான் முடிகிறது. மிச்ச இழைகள் தாங்கிக்கொண்டிருக்கும்போதே டி.பி.எல்.ஓ. செய்தால் அவற்றின் மீதான இழுப்பு குறைகிறது, மெனிஸ்கஸும் தப்புகிறது. அந்தக் கட்டத்தில் காத்திருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

முழங்காலுக்கு மாட்டும் பிரேஸ் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அளவெடுத்துச் செய்தால் சில நாய்களுக்கு நடை மேம்படுகிறது. ஆனால் நாயின் கூம்பு வடிவத் தொடையில் அது நழுவாமல் நிற்பது கடினம், தோலில் புண் வருவது சகஜம். மயக்க மருந்து தாங்காத நாய்களுக்கு அதை முயன்று பார்க்கலாம். நாயின் ரத்தத்திலிருந்தே தயாரிக்கும் பி.ஆர்.பி. ஊசியோ, ஸ்டெம் செல் ஊசியோ தசைநார் முழுவதும் அறுந்த மூட்டை நிலைநிறுத்தாது. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 தேய்மான வலிக்கு ஓரளவு துணை செய்யும். மூட்டின் ஆட்டத்தை அது நிறுத்தாது.

அறுவை சிகிச்சைகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்ப்பது எளிது. ஒன்று, அறுந்த நாரின் வேலையை மூட்டுக்கு வெளியே ஒரு நூலைக் கொண்டு செய்விப்பது. 1970 முதல் வழக்கில் இருக்கும் முறை இது. தொடையெலும்பின் பின்புறமுள்ள சிறு எலும்பைச் சுற்றித் தடித்த நைலான் நூலைச் செலுத்தி, கீழ்க்கால் எலும்பின் முன்பகுதியில் துளையிட்டுக் கட்டுவார்கள். அந்த நூல் காலப்போக்கில் தளரும், அறுந்தும் போகலாம். அதற்குள் தழும்புத் திசு சுற்றிலும் இறுகிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. 15 கிலோ வரையுள்ள நாய்களுக்கு இது நல்ல, எளிய வழி. எலும்பை வெட்டுவதில்லை, செலவும் குறைவு. 36 கிலோ எடையுள்ள துடியான லாப்ரடாரில் நூல் முன்கூட்டியே தளரும் ஆபத்து அதிகம். நைலானுக்குப் பதில் இன்னும் வலுவான நாரிழைகளைப் பயன்படுத்தும் மாற்று வடிவங்களும் உண்டு, அடிப்படை ஒன்றுதான்.

இரண்டாவது வகை, அந்த நார் தேவைப்படாத நிலைக்கு எலும்பின் வடிவத்தையே மாற்றுவது. அமெரிக்காவைச் சேர்ந்த பார்க்லே ஸ்லோகம் 1993இல் விவரித்த டி.பி.எல்.ஓ. இதில் முதன்மையானது. கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதியை வளைவான ரம்பத்தால் வெட்டி, கணக்கிட்ட அளவு திருப்பி, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்துப் பொருத்துவார்கள். 25 டிகிரியாக இருந்த சரிவு ஏறக்குறைய 5 டிகிரியாகிவிடும். தளம் மட்டமானபின் தொடையெலும்பு வழுக்குவதற்குச் சரிவு இல்லை. நாய் காலை ஊன்றினாலே மூட்டு நிலையாக நிற்கிறது. மருத்துவர் கையால் டிராயர் டெஸ்ட் செய்தால் அசைவு அப்போதும் தெரியும். அதைப் பார்த்து ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று பயப்பட வேண்டாம். நார் அங்கே இல்லை என்பதுதான் அதன் பொருள்.

நூல் முறையையும் டி.பி.எல்.ஓ.வையும் 80 நாய்களில் நேரடியாக ஒப்பிட்ட ஆய்வு 2013இல் வெளியானது. நடையை அளந்து பார்த்ததில் டி.பி.எல்.ஓ. முன்னால் இருந்தது. 10க்கு 9 அல்லது அதற்கு மேல் திருப்தி என்று சொன்ன உரிமையாளர்கள் டி.பி.எல்.ஓ.வில் 93 சதவீதம், நூல் முறையில் 75 சதவீதம்.

சூரிச்சில் உருவாகி 2002இல் அறிமுகமான டி.டி.ஏ. முறையில், முழங்கால் சில்லின் கீழ் இறங்கும் நாண் பிடித்திருக்கும் எலும்பு முனையை வெட்டி முன்னால் நகர்த்துவார்கள். மூட்டின் மீது விழும் விசையின் திசை மாறி, முன்னால் தள்ளும் போக்கு அடங்குகிறது. நல்ல பலன் தரும் முறைதான். ஆனால் சரிவு மிக அதிகமாக இருக்கும் நாய்க்குப் பொருந்தாது, பின்னாளில் மெனிஸ்கஸ் கிழிவது டி.பி.எல்.ஓ.வைவிட அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. உங்களுக்குக் கிடைக்கும் மருத்துவர் டி.டி.ஏ.யில் தேர்ந்தவர், டி.பி.எல்.ஓ. செய்து பழகாதவர் என்றால், அவருக்குக் கைவந்த முறையையே செய்யச் சொல்வேன். எத்தனை செய்திருக்கிறீர்கள், எவற்றில் சிக்கல் வந்தது, வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். நல்ல மருத்துவர்கள் இதற்கு விரிவாகவே பதில் சொல்வார்கள்.

சிக்கல்கள் என்றால் முதலில் வருவது தொற்று. சுமார் 100 நாய்களில் 5 முதல் 10 வரை இது காணப்படுகிறது. காயத்தை நக்குவது இதற்கு வழிவகுக்கும், எனவே தையல் ஆறும்வரை கழுத்தில் கோனைக் கழற்றவே கூடாது. தொற்று பிளேட்டில் ஒட்டிக்கொண்டால், எலும்பு கூடிய பிறகு பிளேட்டை எடுக்க வேண்டி வரலாம். எலும்பு முனை முறிவு, ஸ்க்ரூ தளர்வு ஆகியவை பெரும்பாலும் கட்டுப்பாடில்லாமல் ஓடிய நாய்களில் நேர்கின்றன. நன்றாகத் தேறிவந்த நாய் திடீரென்று காலைத் தூக்கிக்கொண்டால் மெனிஸ்கஸ் புதிதாகக் கிழிந்திருக்கலாம் என்று சந்தேகித்து உடனே காட்டுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகான 8 வாரங்கள் உங்கள் கையில். மூன்றாவது வாரம்தான் மிக ஆபத்தானது: நாய் நன்றாக நடக்கும், விளையாடக் கூப்பிடும், எலும்போ இன்னும் கூடியிருக்காது. முதல் இரண்டு வாரம் கழிவுக்காக ஐந்து நிமிட நடை மட்டும், குட்டைக் கயிற்றில், மெதுவாக. மெதுவாக நடந்தால்தான் காலை ஊன்றும். வேகமாக இழுத்தால் மூன்று காலில் ஓடப் பழகிவிடும். பிறகு வாரம் ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். வழுவழுப்பான தரையில் பாய் விரியுங்கள், மாடிப்படிக்குப் போகும் வழியை மறித்துவையுங்கள். படுத்திருக்கும்போது முழங்காலை மென்மையாக மடக்கி நீட்டுவதை நாளுக்கு இரண்டு மூன்று தடவை செய்யலாம். மருத்துவர் அனுமதித்த பிறகு, நேராக உட்கார்ந்து எழும் பயிற்சி தொடைத் தசைக்கு மிகவும் நல்லது. நீருக்குள் நடக்க வைக்கும் டிரெட்மில் கிடைத்தால் பயன்படுத்துங்கள். 8 வாரத்தில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு கூடியதைப் பார்த்த பிறகே கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டும். வற்றிய தசை பழையபடி வர இன்னும் சில மாதங்கள் ஆகும்.

மருந்தில் ஓர் எச்சரிக்கை. கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம், ஃபைரோகாக்சிப் போன்ற வலி மருந்துகளை மருத்துவர் எடைக்கேற்ற அளவில் எழுதித் தருவார். வீட்டில் இருக்கும் இப்யூபுரோஃபென், டைக்ளோஃபினாக், நாப்ராக்சன் ஆகியவற்றைக் கொடுத்துவிடாதீர்கள். நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகப் பழுதையும் உண்டாக்கி உயிரையே பறிக்கக்கூடியவை அவை. ஸ்டீராய்டோடு வலி மருந்தைச் சேர்த்துத் தருவதும் அப்படித்தான். வாந்தி, கறுத்த மலம், உணவு மறுப்பு எது தெரிந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். நீண்ட நாள் கொடுப்பதானால் சிறுநீரகம், ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை தேவை.

எடையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. 48 லாப்ரடார் நாய்களைக் குட்டியிலிருந்து ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. 25 சதவீதம் குறைவாக உண்ட பிரிவு, மற்றதைவிட ஏறக்குறைய 1.8 ஆண்டு அதிகம் வாழ்ந்தது, மூட்டுத் தேய்மானமும் தாமதமாகவே வந்தது. எந்த ஆபரேஷன் செய்தாலும் இந்த மூட்டில் தேய்மானம் ஓரளவு தொடரத்தான் செய்யும். அதன் வேகத்தைக் குறைக்க உங்களால் முடிந்த முதன்மையான காரியம், அவனது விலா எலும்புகள் விரலுக்கு எளிதாகத் தட்டுப்படும் அளவுக்கு உடலை வைத்திருப்பது. 36 கிலோவில் எவ்வளவு கொழுப்பு என்று மருத்துவரிடம் கேட்டு, உணவை இன்றே அளந்து போடத் தொடங்குங்கள். அது மறுகாலுக்கும் சேர்த்துச் செய்யும் சிகிச்சை.

வாகனம் மோதிப் பல தசைநார்கள் ஒன்றாக அறுவதும், முழங்காலின் பக்கவாட்டு நார் அறுவதும் தனிக் கதை. அவற்றில் மூட்டே பக்கவாட்டில் மடங்கும், அவசரமாக நிலைநிறுத்த வேண்டும். உங்கள் நாயின் வரலாறு அப்படி இல்லை.

இதயநோய், வேறு உடல்நலக் குறைவு, பணநெருக்கடி என்று ஏதோ ஒன்றால் ஆபரேஷன் இப்போது முடியாது என்றால் குற்ற உணர்வு வேண்டாம். இன்றைய எடையையும் தேதியையும் எழுதிவையுங்கள். 8 வாரம் மேலே சொன்ன கட்டுப்பாட்டை முழுமையாகக் கடைப்பிடியுங்கள். வாரம் ஒருமுறை அவன் நடப்பதைப் பின்பக்கமிருந்து அரை நிமிடம் வீடியோ எடுங்கள். எட்டாவது வாரம் முதல் வீடியோவையும் கடைசி வீடியோவையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஊன்றுவது தெளிவாக முன்னேறியிருந்தால் அதே வழியில் தொடரலாம். அப்படியே இருந்தாலோ மோசமாகியிருந்தாலோ மெனிஸ்கஸைச் சந்தேகித்து, அறுவை சிகிச்சைக்கான வழியை மீண்டும் பேச வேண்டும்.